செருப்பைக் கவ்வாத நாட்கள்

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு 13 வயது. லாப்ரடார். பெயர் மணி. எட்டு மாதங்களுக்கு முன்பு அதற்குச் சிறுநீரகம் பழுதாகியிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மருந்து, தனி உணவு, வாரத்தில் மூன்று நாள் தோலுக்கடியில் சலைன் என்று போகிறது. போன வாரப் பரிசோதனையில், இரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 5.4. பின்னங்கால்கள் வலுவிழந்துவிட்டன. இரவெல்லாம் மூச்சிரைக்கிறான், இடம் மாறி மாறிப் படுக்கிறான். கையில் வைத்து ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவான். யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு செருப்பை, அதுவும் இடது கால் செருப்பை மட்டும், கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவது அவன் வழக்கம். இப்போது செருப்பைப் பார்க்கிறான். பிறகு தலையைக் கீழே சாய்த்துக்கொள்கிறான். ஆனாலும் வால் ஆடுகிறது. மருத்துவர், “முடிவு உங்களுடையதுதான்” என்கிறார். கணவரோ, “இயற்கையாகப் போகட்டும், நம் கையால் வேண்டாம்” என்கிறார். 9 வயது மகன், மணிக்கு எப்போது சரியாகும் என்று தினமும் கேட்கிறான். கருணைக்கொலை என்றாலும் கொலைதானே? செய்வதென்றால் எப்போது? நான் இன்னும் முன்பே கவனித்திருக்க வேண்டுமோ? செலவைப் பற்றி யோசிப்பதே பாவம் போலவும் இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் ‘அதற்கு’ என்று தொடங்குகிறது. நான்கு வரி தாண்டுவதற்குள் ‘அவன்’ வந்துவிடுகிறான். கால்நடை மருத்துவர்களாகிய எங்கள் குறிப்பேட்டில் கடைசி வரை ‘அது’தான். ஆனால் நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் யாரும் இரண்டாவது வாக்கியத்தில் ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. இலக்கணம் அஃறிணை என்று வைத்ததை வீடு உயர்திணை ஆக்கிவிடுகிறது. நானும் உங்கள் வழிக்கே வருகிறேன்: அவன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் அரிப்பது அதுதான் என்று படுகிறது. முன்பே கவனித்திருக்க வேண்டுமா? சிறுநீரகம் ஓசையில்லாமல் கெடும் உறுப்பு. அதன் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். அதுவரை நாய் சாப்பிடும், விளையாடும், கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். கோடையில் எந்த நாய்தான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது? அதைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்காதது உங்கள் குற்றமாகாது.

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த இன்னொரு வரி, பதிப்பித்த சுருக்கத்தில் இடம்பெறவில்லை. சிறு வயதிலிருந்தே மணிக்கு உணவை அளந்துதான் வைப்பீர்கள் என்றும், அதற்காக வீட்டில் உங்களைக் கஞ்சம் என்று கேலி செய்வார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேலிக்கு ஒரு பதில் இருக்கிறது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வைத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. குறைத்துச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைத்துச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மணியின் 13 வயதில் உங்கள் கஞ்சத்தனத்துக்கும் பங்கு இருக்கலாம். வீட்டில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இனி இன்றைய நிலைமை. நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்போம். கிரியாட்டினின் 5-ஐத் தாண்டினால் நான்காவது, அதாவது கடைசி நிலை. வாந்தியோ நீரிழப்போ சேர்ந்தால் எண் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. ஆகவே ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் எட்டு மாதச் சலைனுக்குப் பிறகு இந்த எண், இந்தப் பசியின்மை, இந்தப் பின்னங்கால் தளர்ச்சி என்று மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது அது திரும்பி வரும் பாதையாக எனக்குத் தெரியவில்லை. பழுதான சிறுநீரகத் திசு மீண்டும் முளைப்பதில்லை.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் “இரவெல்லாம் மூச்சிரைக்கிறான்” என்ற வரி. அறை குளிர்ச்சியாக இருக்கும்போது, ஓடாமல் ஆடாமல் படுத்திருக்கும் நாய்க்கு மூச்சிரைத்தால், பெரும்பாலும் வலியோ குமட்டலோ பதற்றமோ இருக்கிறது என்று பொருள். வலி என்றால் கத்த வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நாட்பட்ட வலிக்கு நாய் கத்துவதே அபூர்வம். படுக்கப் போய், பாதி வளைந்து, மறுபடி நிமிர்ந்துவிடும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும். அறைக்கு அறை இடம் மாற்றும். ‘சத்தமே போடவில்லை, அதனால் வலி இல்லை’ என்று என்னிடம் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை.

வாலையும் அதிகம் நம்பாதீர்கள். நாயின் உடம்பிலேயே மரியாதை தெரிந்த உறுப்பு அதுதான். எலும்பு முறிந்து மேசைமேல் கிடக்கும் நாயும் சொந்தக்காரர் குரலைக் கேட்டால் வாலை ஆட்டும். உங்களைப் பார்த்ததில் அதற்குச் சந்தோஷம், அதில் பொய்யில்லை. வலி இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

மணியின் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூட்டுவலிக்கு நாங்கள் முதலில் எழுதும் அழற்சி அடக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் பகை. இந்த நிலையில் அவற்றைக் கொடுக்க எந்த மருத்துவரும் தயங்குவார். ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று கெடும். ஆனாலும் வேறு வழிகள் உண்டு. கபாபென்டின் போன்ற மருந்துகளைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைத்துக் கொடுக்கலாம். குமட்டலை அடக்க மாரோபிட்டன்ட் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. பசியைத் தூண்டவும் மருந்து இருக்கிறது. இவை ஏற்கெனவே கொடுக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் பரிதாபப்பட்டுக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் சாய்த்துவிடும். வீட்டில் செய்யக்கூடியவை எளியவை: வழுக்கும் தரையில் அவன் நடக்கும் பாதை முழுக்க விரிப்பு, பாதத்தின் அடியில் வளர்ந்த முடியைக் கத்தரிப்பது, எழுந்திருக்கும்போது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பது.

இவற்றை ஒரு வாரம் ஒழுங்காகச் செய்துபாருங்கள். இரவு தூங்குகிறானா என்று கவனியுங்கள். தூங்கினால் உங்களுக்குக் கொஞ்சம் காலம் கிடைத்திருக்கிறது. தூங்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் இப்போதைய பராமரிப்பைத் தொடரலாம். எனக்கு அந்தக் கூட்டுத்தொகைமேல் பாதி நம்பிக்கைதான். மூச்சுவிடவே திணறும் நாய்க்கு மற்ற ஆறிலும் நல்ல மதிப்பெண் வந்து என்ன பயன்? ஆனால் அந்தத் தாளுக்கு வேறொரு பயன் இருக்கிறது. நீங்களும் கணவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், நிரப்புங்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘அனுப்பலாமா வேண்டாமா’ என்று பேசினால் சண்டைதான் வரும். ‘பசிக்கு நீ ஏன் ஆறு போட்டாய், நான் ஏன் இரண்டு போட்டேன்’ என்று பேசினால் இருவரும் மணியைப் பார்க்கத் தொடங்குவீர்கள். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் பார்க்கும் மணியும், மாலையில் வந்து வால் ஆட்டத்தை மட்டும் பார்ப்பவரின் மணியும் வேறு வேறு நாய்கள்.

அந்தத் தாளைவிட நான் நம்புவது செருப்பை. ஒவ்வொரு நாய்க்கும் அதை அதுவாக ஆக்கும் மூன்று நான்கு பழக்கங்கள் இருக்கும். மணிக்கு ஒன்று தெரிந்துவிட்டது. மற்றவற்றையும் எழுதுங்கள்: எந்தச் சத்தத்துக்குக் காதைத் தூக்குவான், யார் மடியில் தலை வைப்பான், எந்த ஜன்னலில் நின்று எதைப் பார்த்துக் குரைப்பான். அந்தப் பட்டியலில் எத்தனை மிச்சம் இருக்கின்றன, கடைசியாக எப்போது செய்தான் என்று குறியுங்கள். கூடவே நாட்காட்டியில் தினமும் இரவு நல்ல நாளுக்கு ஒரு வட்டம், மோசமான நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இதைச் சொல்லக் காரணம், மனம் ஏமாற்றும். நான்கு மோசமான நாட்களுக்குப் பிறகு ஒருநாள் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டால், முந்தைய நான்கையும் மறந்துவிடுவோம். நாட்காட்டி மறக்காது. வாரத்தில் பெருக்கல் குறிகள் வட்டங்களை முந்தும்போது மருத்துவருக்குத் தொலைபேசி செய்யுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

தள்ளினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டுநாய் பதினொரு வருடம் இருந்தாள். மண்ணீரலில் கட்டி. அது உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும் வகை. ஸ்கேனில் பார்த்ததே நான்தான். வேறொருவர் நாயாக இருந்தால் அன்றே பேசியிருப்பேன். வெளியூரில் படிக்கும் மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள், அவள் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று செவ்வாயிலிருந்து காத்திருந்தேன். வியாழன் இரவு இரண்டு மணிக்குக் கருப்பி எழுந்து வாசல் வரை நடந்து, அங்கேயே சரிந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து ஊசி போட எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அவளுக்குப் பயம். நாங்கள் கேட்ட மூன்று நாளுக்கு அவள் கொடுத்த விலை அது. மகளுக்கு அதை நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

கணவர் சொல்லும் ‘இயற்கையாக’ என்ற சொல்லுக்கு வருவோம். அவரைக் குறைசொல்ல மாட்டேன். தன் கையால் ஓர் உயிர் போகக்கூடாது என்பது நல்ல மனம்தான். ஆனால் எட்டு மாதம் சலைன் ஏற்றிய பிறகு மணியின் வாழ்வே இயற்கையை மீறியதுதான். இயற்கையின் போக்கில் விட்டிருந்தால் அவன் எப்போதோ போயிருப்பான். இன்னொன்றும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ‘தூக்கத்திலேயே போய்விட்டது’ என்ற முடிவு சிறுநீரக நோயில் அரிதாகவே வாய்க்கும். கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போது ஓயாத குமட்டல், வாந்தி, வாய்க்குள் புண், மூச்சில் மூத்திர வாடை, சிலவற்றுக்கு வலிப்பு என்று அது பல நாட்கள் இழுக்கும். அவருக்கு இன்னும் மனம் வரவில்லையென்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஓர் எல்லையை மட்டும் இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள்: ‘ஒருநாள் முழுக்க எதுவும் இறங்கவில்லை என்றால்’, ‘எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால்’, ‘வலிப்பு வந்தால்’ என்று. எல்லையைத் தொட்ட அன்று மறுவிவாதம் கிடையாது என்பதையும் சேர்த்து.

கருணைக்கொலை என்ற சொல்லின் பின்பாதிதான் உங்களைக் குத்துகிறது. நானும் அந்தச் சொல்லை என் அறையில் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த மூலச் சொல்லான ‘யூதனேசியா’ கிரேக்கம். அதில் கொலை என்ற பொருளே கிடையாது. பிரித்தால் ‘நல்ல சாவு’ என்றுதான் வருகிறது. யாராவது அதிகம் அவதிப்படாமல் போய்ச் சேர்ந்தால் நாமும் அதைத்தானே சொல்கிறோம்: “நல்ல சாவு.” மொழிபெயர்த்தவர் அந்த இரண்டு சொற்களையே வைத்திருந்தால் பல பேருடைய இரவுகள் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆனால் சொல்லை மாற்றினால் பாரம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஓர் உயிரின் நாளைக் குறிப்பது பெரிய காரியம். அது கனக்கத்தான் செய்யும்.

பணத்தைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எவ்வளவு முடியும் என்று தெரிந்தால், குணமாக்காத பரிசோதனைகளை விட்டுவிட்டு வலியையும் குமட்டலையும் அடக்குவதில் செலவு செய்யலாம். கடைசி நிலை நோயில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பதால் நாய்க்கு எந்த நன்மையும் இல்லை. வீட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுபவர் அன்பில் குறைந்தவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த அறையில் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கலாம். தெரிந்துகொண்டு போவது நல்லது. முதலில் ஒரு மயக்க ஊசி. ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களில் மணி ஆழ்ந்து உறங்கிவிடுவான். மூச்சிரைப்பு அடங்கும். பல வீட்டுக்காரர்கள் அந்த இடத்தில்தான் உடைந்து அழுவார்கள், வாரக்கணக்கில் அவன் அப்படித் தூங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, இரத்த நாளத்தில் ஒரு சிறு குழாய். அதன் வழியாகச் செலுத்துவது பென்டோபார்பிட்டால். மயக்க மருந்து வகையைச் சேர்ந்தது, அளவுதான் மிக அதிகம். மூளை முதலில் உறங்கும், பிறகு மூச்சு நிற்கும், பிறகு இதயம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மணிக்கு இரத்த ஓட்டம் மந்தமாக இருந்தால் சற்றுக் கூடுதலாகலாம். கண் மூடாது. அதை எதிர்பாருங்கள், சினிமாவில்தான் மூடும். எல்லாம் அடங்கிய பின் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கசியலாம். அவன் திரும்பி வருகிறான் என்று நினைத்து அலறிவிடாதீர்கள். அப்போது உணர்வு இருக்காது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

நீங்கள் அருகில் இருக்க வேண்டுமா? முடிந்தால் மயங்கும் வரையாவது இருங்கள். சொந்தக்காரர் வெளியே போனால் பல நாய்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், நான் பார்த்திருக்கிறேன். மயங்கிய பிறகு வெளியே போனாலும் அவனுக்குத் தெரியாது, அதில் தவறும் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் வழக்கமாகப் பேசுவதைப் பேசுங்கள். அவன் காதுக்கு உங்கள் குரல் போதும். நாயும் மனிதரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதை 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தாயும் சேயும் பார்த்துக்கொள்ளும்போது சுரக்கும் அதே பொருள். நாய் வளர்ப்பவர்களுக்கு அதை அளந்து காட்ட வேண்டிய தேவை இருந்ததா என்று எனக்கு அன்றே சிரிப்பு வந்தது.

மகனிடம் ‘மணியைத் தூங்க வைக்கப்போகிறோம்’ என்று சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு இதமான அந்தச் சொல் குழந்தைக்கு விஷம். அன்று இரவு அவனையும் நீங்கள் தூங்கத்தானே சொல்வீர்கள்? ஓடிப்போய்விட்டான் என்ற பொய்யும் வேண்டாம். வருடக்கணக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். 9 வயதுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று புரியும். “மணிக்குச் சரியாகாது. வலி அதிகமாகிவிட்டது. மருத்துவர் ஒரு மருந்து கொடுப்பார், வலி இல்லாமல் இறந்துவிடுவான்” என்று சொல்லுங்கள். அவன் கேள்விகள் விநோதமாக இருக்கும். என்னிடம் ஒரு பையன், ‘இனிமேல் அவன் கிண்ணத்தை யார் கழுவுவார்கள்’ என்று கேட்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அறைக்குள் வருவதா வேண்டாமா என்பதை அவனிடமே கேளுங்கள், கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் சரி. வருவதாக இருந்தால் அவனைக் கவனிக்க மட்டும் ஒரு பெரியவர் தனியாக வரட்டும். நீங்கள் மணியோடு இருப்பீர்கள்.

அடுத்த நாய் எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, பக்கத்து வீட்டார் கேட்பார்கள். “தெரியாது” என்று சொல்லிவிடுங்கள்.

நாள் குறித்துவிட்டால் மருத்துவமனையின் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்போது கூட்டம் இருக்காது, யாரும் உங்களை எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கே வருவார்களா என்றும் கேளுங்கள், சிலர் வருவார்கள். உடலை என்ன செய்வது, பணம் எப்போது கட்டுவது என்பதையெல்லாம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அன்றைக்கு அவன் கேட்கும் எதையும் ஊட்டலாம், தனி உணவு இனித் தேவையில்லை. படுக்கப் புது விரிப்பு வாங்க வேண்டாம். அவன் வாசனை ஏறிய பழைய விரிப்பையே, துவைக்காமல், எடுத்துப் போங்கள். இடது செருப்பையும்.